இரண்டு புள்ளிக்காரர் ஒரே பின்வரிசையில்: ரொறன்ரோ காட்டிய கணக்கு

பாப்பாமோட்டையில் காலை ஏழரை மணி என்றால், பனிக்காலத்து ஸ்காபரோவில் முதல் நாள் இரவு ஒன்பது மணி. அக்காவின் மகன் அந்த நேரத்தில்தான் வட்ஸ்அப்பில் அழைப்பான். வயது 16. அங்கே தன் உயர்பாடசாலையின் கூடைப்பந்தாட்ட அணியில் இருக்கிறான். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு பேசுபவன், சென்ற மாதம் ஒருநாள் குரல் இறங்கிப்போய்க் கேட்டான்: "மாமா, ஒரு டீமில ரெண்டு ஸ்கோரர் சேர்ந்து விளையாடேலாதோ?"

விசயம் இதுதான். அணியில் அவனைப்போலவே பந்தை நன்றாகக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் இன்னொரு பையன் இருக்கிறான். இருவரும் உயரம் குறைந்தவர்கள், இருவருக்கும் பந்து கையில் வேண்டும். பயிற்றுவிப்பாளர் மற்றவனை ஆட்டத்தில் இறக்கிவிட்டு, இவனை வாங்கில் இருத்தியிருக்கிறார். "ஒரு பந்துதானே இருக்கு" என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த வருடம் வேறு பாடசாலைக்கு மாறிவிடட்டுமா என்பதுவரை வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

ஏ32 வீதியில் விடத்தல்தீவுப் பக்கம் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில் கூடைப்பந்தாட்டம் யாரும் ஆடுவதில்லை. மன்னார் பந்தடிக்கிற மாவட்டம். உதைபந்து, அதற்கடுத்து கரப்பந்து, பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து. எனக்குக் கூடைப்பந்து தெரிந்ததெல்லாம் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியால்தான். 2019இல் அந்த அணி வென்றபோது ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சனம் போட்ட ஆரவாரம் கைத்தொலைபேசி வழியாக இங்கே வரை கேட்டது. அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் விடவில்லை. ஆகவே மருமகனின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய அணிகளில் ராப்டர்ஸும் ஒன்று.

முதலில் விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். களத்தில் ஓர் அணிக்கு ஐவர். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில். உயரமான மூவர் பெரும்பாலும் வளையத்துக்கு அண்மையிலும் பக்கவாட்டிலும் நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடக்கி வைக்கும் இருவர் பின்னால் நிற்பார்கள். அவர்களைத்தான் கார்ட் என்கிறார்கள். பழைய முறையில் இந்த இருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. பொயின்ட் கார்ட் பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர், ஷூட்டிங் கார்ட் எறிபவர். ஒருவர் சமைக்க ஒருவர் பரிமாறுவதைப்போல. இருவருமே சமையற்காரராக இருந்தால் அடுப்பு யாருக்கு என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலைப் பெரிதாக்கிப் பேசுபவர்கள் எல்லாரும் பந்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. என்.பி.ஏ. ஆட்டமொன்றில் ஓர் அணிக்குப் பந்து ஏறத்தாழ நூறு தடவை கிடைக்கிறது. நூறு வாய்ப்பில் இருவருக்கு ஆளுக்கு இருபது எறிதல் என்றாலும் மற்றவர்களுக்கு அறுபது மிஞ்சும். 1971–72 பருவத்தில் லொஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் பின்வரிசையில் ஜெரி வெஸ்டும் கெயில் குட்றிச்சும் ஆடினார்கள். ஒருவர் ஆட்டத்துக்குச் சராசரி 25.8 புள்ளி, மற்றவர் 25.9. அந்த அணி தொடர்ந்து 33 ஆட்டங்களை வென்று, 69 வெற்றி 13 தோல்வியோடு பருவத்தை முடித்துக் கிண்ணத்தையும் எடுத்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு பந்து இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பந்து போதும். அப்படியானால் எங்கே இடிக்கிறது?

கைல் லவுரி 2012இல் ரொறன்ரோவுக்கு வந்தார். டெமார் டிரோசன் 2009இலிருந்தே அங்கே இருந்தவர். லவுரி ஆறடி, டிரோசன் ஆறடி ஆறு அங்குலம். இருவரும் புள்ளி எடுப்பவர்கள். 2016 பெப்ரவரியில் என்.பி.ஏ.யின் நட்சத்திர ஆட்டம் முதல்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே, ரொறன்ரோவிலேயே நடந்தபோது இருவரும் அதில் ஆடினார்கள். 2016–17 பருவத்தில் டிரோசன் ஆட்டத்துக்கு 27.3 புள்ளியும் லவுரி 22.4 புள்ளியும் எடுத்தனர். இருவருக்கும் இடையில் பொறாமை கிடையாது, நெருங்கிய நண்பர்கள். 2017–18இல் அணி 59 ஆட்டங்களை வென்றது.

ஆனால் பிளே ஓவ் கட்டத்தில் கிளீவ்லண்ட் கவலியர்ஸ் அவர்களை மூன்று வருடம் தொடர்ந்து வீட்டுக்கு அனுப்பியது. 2016இல் 4–2, 2017இல் 4–0, 2018இல் மறுபடியும் 4–0. லெப்ரோன் ஜேம்ஸ் எதிரே நின்றார் என்பது பெரிய காரணம்தான், அதை மறைக்க முடியாது. அதற்குக் கீழே இன்னொரு காரணமும் இருந்தது.

டிரோசன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே, நடுத்தூரத்தில் நின்று எறிவதில் மன்னன். கோட்டுக்கு வெளியே அவர் அதிகம் எறிவதில்லை. 2016–17இல் ஆட்டத்துக்கு இரண்டு தடவைகூட இல்லை, அதிலும் கால்பங்குக்குச் சற்று மேல்தான் உள்ளே போனது. லவுரியோ அதே பருவத்தில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ எட்டுத் தடவை வெளியிலிருந்து எறிந்தார், நூற்றுக்கு 41 உள்ளே போயிற்று. பந்து டிரோசன் கையில் இருக்கும்போது லவுரி மூலையில் நின்றாலே போதும், அவரைக் காப்பவர் அங்கேயே கட்டுண்டு நிற்பார். பந்து லவுரி கையில் இருக்கும்போது டிரோசனைக் காப்பவர் அவரை விட்டு விலகி வளையத்தடியில் வந்து நின்றுகொள்ளலாம். லவுரி உள்ளே புகுந்தால் அங்கே ஒருவர் கூடுதலாக நிற்கிறார்.

இதுதான் மருமகனுக்கு நான் முதலில் சொன்னது. இரண்டு புள்ளிக்காரர் சேர்ந்து ஆடும்போது, பந்து இல்லாத நேரத்தில் யார் எதிரணிக்குத் தொல்லை கொடுக்கிறார் என்று பார்க்கவேண்டும். பந்து கையில் இருக்கும்போது இருவரும் கெட்டிக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். பந்து இல்லாதபோது ஒருவர் வெறும் பார்வையாளராகிவிட்டால் ஐவருக்கு எதிராக நால்வர்தான் ஆடுகிறார்கள்.

எங்கள் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தில் இந்தப் பிரச்சினையை விதியே தீர்த்துவைத்திருக்கிறது. அங்கே கோல் சூட்டர், கோல் அட்டாக் என்று இருவர் மட்டுந்தான் எறியலாம். எவரும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. யாரும் பந்தைப் பதுக்க வழியில்லாததால் இருவரும் ஓடி ஓடி இடம் பிடித்தே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியின் கோல் சூட்டராக நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் 348 கோல்கள் போட்டார், அந்தத் தொடரில் வேறெவரும் அந்த அளவைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற கோல் அட்டாக்கும் எறியத் தெரிந்தவர்தான். என்றாலும் பந்தை எடுத்து உயரத்தில் நிற்கும் தர்ஜினிக்கு அளந்து போடுவதே பெரும்பாலும் அவருடைய வேலையாயிற்று. அந்த வேலைக்குக் கைதட்டல் குறைவு. அது இல்லாமல் 348 வந்திருக்காது.

கூடைப்பந்தில் விதி அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒருவர் 24 வினாடியும் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கலாம். அதனால் யாராவது ஒருவர் தானாக விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு 1971 நவம்பரில் ஏர்ள் மொன்றோ வந்தபோது, வோல்ட் பிரேசியர் ஏற்கெனவே அங்கே ராசாவாக இருந்தார். இவர்கள் சேர்ந்து ஆட முடியாது என்றுதான் பலர் சொன்னார்கள். அதற்கு முந்திய முழுப் பருவத்தில் 21.4 புள்ளி எடுத்த மொன்றோ, 1972–73இல் 15.5க்கு இறங்கினார். அந்த வருடம் நிக்ஸ் கிண்ணம் வென்றது. ஆறு புள்ளியை அவர் தன் கணக்கிலிருந்து வெட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். எல்லாருக்கும் அந்த மனம் வராது. வரவேண்டும் என்று ஒருவரை வற்புறுத்தவும் முடியாது, ஏனென்றால் புள்ளிச் சராசரிதான் அடுத்த ஒப்பந்தத்தின் தொகையைத் தீர்மானிக்கிறது. மருமகன் விசயத்தில் பல்கலைக்கழகத் தேர்வாளர்களின் கண்ணை.

வளையத்தின் மறுபக்கம்

புள்ளி எடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், உயரம் குறைந்த இருவரைச் சேர்த்து ஆடவிடத் தயங்கும் பயிற்றுவிப்பாளர் மனதில் இருப்பது வேறு பயம். எதிரணி புள்ளி எடுக்கும் பக்கம்.

எங்கள் ஊர்க் கரப்பந்துப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எதிரணியில் பந்தை வாங்கத் தடுமாறுபவர் ஒருவர் இருந்தால், சேர்விஸ் போடுபவர் அவரைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு வரிசையாக அவர் தலைக்கே போகும். கூடைப்பந்தில் அதைத் திரைபோட்டுச் செய்கிறார்கள். எதிரணியின் பெரியவர் ஒருவர் வந்து மறித்து நிற்க, காப்பவர்கள் ஆள் மாறவேண்டி வரும். மாறிய பிறகு பார்த்தால் ஆறடிப் பையன் ஆறடி எட்டங்குலக்காரனுக்கு முன்னால் நிற்பான். பருவ ஆட்டங்களில் ஒவ்வோர் அணியையும் இப்படித் தேடித் துருவ நேரமில்லை. பிளே ஓவில் ஒரே அணியோடு நான்கிலிருந்து ஏழு ஆட்டம். அங்கே ஒளிய இடமில்லை. 2018இல் கிளீவ்லண்டுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், நான்காவது காற்பகுதி முழுவதும் டிரோசன் வாங்கில் இருத்தப்பட்டார். அணியின் முதல் புள்ளிக்காரரையே வெளியே வைத்து ஆட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தை மிக நீண்ட காலம் படித்தவர்கள் போர்ட்லண்ட்காரர்கள். டேமியன் லில்லார்ட், சி.ஜே. மெக்கொலம் இருவரும் ஆறடிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேல். இருவரும் வெளியிலிருந்து எறிவார்கள், பந்து இல்லாமலும் ஆடத் தெரிந்தவர்கள். ஆகவே தாக்குதலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் 2018இல் மேற்குப் பிரிவில் மூன்றாம் இடத்தில் நின்ற அந்த அணியை ஆறாம் இடத்து நியூ ஓர்லியன்ஸ் 4–0 எனத் துடைத்தது. அடுத்த வருடம் மேற்கின் இறுதிவரை போனார்கள், அங்கே கோல்டன் ஸ்டேட்டிடம் 4–0. 2022 பெப்ரவரியில் மெக்கொலத்தை விற்றுவிட்டார்கள். அந்த அணியைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கிண்ணம் வரவில்லை.

கோல்டன் ஸ்டேட் இதே கேள்விக்கு முன்கூட்டியே கத்தி வைத்தது. 2009இல் ஸ்டீபன் கறியை எடுத்தபோது, ஏற்கெனவே அங்கிருந்த மொன்ரா எல்லிஸ் இரண்டு சிறியவர்கள் சேர்ந்து ஆட முடியாது என்று செய்தியாளர்களிடமே சொன்னார். 2012 மார்ச்சில் எல்லிஸை மில்வோக்கிக்கு அனுப்பினார்கள். கறிக்குப் பக்கத்தில் ஆறரை அடிக் கிளே தொம்சன் வந்தார். தொம்சனும் புள்ளிக்காரர்தான், சும்மா ஆளில்லை. ஆனால் பந்தைத் தட்டாமலே வாங்கி எறிபவர், அதோடு எதிரணியின் சிறந்த கார்டைத் தானே பொறுப்பெடுப்பவர். 2015இலிருந்து 2022 வரை நான்கு கிண்ணங்கள்.

அப்படியென்றால் உயரம் குறைந்த இருவர் சேரவே கூடாதா என்று கேட்டால், அதற்கும் ரொறன்ரோவிலேயே பதில் இருக்கிறது.

2018 யூலையில் டிரோசனை சன் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டு கவாய் லெனர்ட்டை வாங்கினார்கள். கூடவே டனி கிரீன் வந்தார். கிரீன் உயரமானவர், காப்பாட்டக்காரர், லவுரிக்குப் பக்கத்தில் தொடக்க ஐவரில் நின்றார். வாங்கில் இருந்தவர் பிரெட் வான்விலீட். 2016 தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட பையன். உயரம் லவுரியைப்போலத்தான், ஓர் அங்குலம் கூடலாம். பழைய கணக்குப்படி இவர் லவுரிக்கு மாற்று, சேர்ந்து ஆடுபவர் அல்லர்.

மில்வோக்கிக்கு எதிரான கிழக்கின் இறுதியில் ரொறன்ரோ முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுப் பிறகு நான்கையும் வென்றது. அந்தத் தொடரின் நடுவில் வான்விலீட்டுக்கு மகன் பிறந்தான். அதன்பின் கடைசி மூன்று ஆட்டங்களில் 17 மூன்று புள்ளி எறிதல்களில் 14ஐ உள்ளே போட்டார். இறுதிப்போட்டியில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராகப் பயிற்றுவிப்பாளர் நிக் நேர்ஸ், முக்கியமான நேரங்களில் கிரீனை உட்காரவைத்துவிட்டு லவுரியையும் வான்விலீட்டையும் சேர்த்தே ஆடவிட்டார். இரண்டாவது ஆட்டத்தின் முடிவில், மற்ற நால்வரும் சதுரமாக வலயம் காக்க, ஒருவர் மட்டும் கறியை நிழல்போலத் தொடரும் முறையைக் கொண்டுவந்தார். பாடசாலை அணிகள் செய்யும் வேலை அது.  அந்த நிழல் வான்விலீட்.

2019 யூன் 13, ஒக்லண்டில் ஆறாவது ஆட்டம். தொடக்கத்தில் ரொறன்ரோவின் முதல் 8 புள்ளிகளையும் லவுரியே போட்டார். அன்று அவர் எடுத்தது 26 புள்ளி, கொடுத்த பந்துகளில் 10 புள்ளியாயின. வான்விலீட் எடுத்த 22இல் 12 நான்காவது காற்பகுதியில் வந்தவை. 114–110. இறுதிப்போட்டியின் சிறந்த வீரராக லெனர்ட் தெரிவானபோது அவருக்கு எதிராக விழுந்த ஒரேயொரு வாக்கு வான்விலீட்டுக்குப் போனது. கோல்டன் ஸ்டேட் பக்கம் டுராண்ட் இல்லை, தொம்சனும் அன்று காயப்பட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறடிப் பையன்கள் இருவர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களைப் பாருங்கள். லெனர்ட், சியாகம், கசோல், இபாகா. கை நீண்டவர்கள், ஆள் மாறிக் காக்கத் தெரிந்தவர்கள். முன்னால் ஒருவர் தாண்டிப்போனாலும் வளையத்தடியில் ஒரு சுவர் இருந்தது. மற்றது, இருவரும் உயரத்தில்தான் சிறியவர்கள், உடம்பில் அல்ல. பெரியவர் முதுகால் தள்ளும்போது அசையாமல் நிற்பார்கள், முட்டி விழுந்து பவுல் வாங்குவதில் லவுரி பெயரெடுத்தவர். டெட்ரொயிட்டில் ஐசையா தோமஸும் ஜோ டுமார்ஸும் 1989, 1990 இரண்டு கிண்ணங்களை வென்றதும் இதே வழியில்தான். அவர்களும் ஆறடிக்குச் சற்று மேல். முதல் வருடத்தில் டுமார்ஸ், அடுத்த வருடத்தில் தோமஸ் என்று இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் விருதைக்கூடப் பங்குபோட்டார்கள்.

ரொறன்ரோ இதை ஒருநாள் அதிர்ஷ்டம் என்று விடவில்லை. அடுத்த பருவம் லெனர்ட்டும் கிரீனும் போய்விட்டார்கள். லவுரி–வான்விலீட் இருவரையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து ஆடவிட்டார்கள். முறையே 19.4, 17.6 புள்ளி. பெருந்தொற்றால் சுருங்கிய 72 ஆட்டப் பருவத்தில் 53 வெற்றி. பொஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றார்கள்.

அண்மையில் கிளீவ்லண்டில் டொனொவன் மிச்செலும் டேரியஸ் கார்லண்டும் இதே பரிசோதனையைச் செய்தார்கள். பின்னால் உயரமான இருவர். 2024–25 பருவத்தில் 64 வெற்றி. பிளே ஓவில் இரண்டாம் சுற்றோடு சரி. விவாதம் மறுபடியும் தொடங்கிவிட்டது.

வாங்கில் இருக்கும் பையனுக்கு

மருமகனுக்கு நான் சொன்னது இந்த வரலாறு முழுவதும் இல்லை. ஒரு கழித்தல் கணக்கு மட்டும். ஆட்டம் 40 நிமிடம் என்று வை. இரண்டு கெட்டிக்காரரையும் ஆளுக்கு 28 நிமிடம் ஆடவிட்டாலும், களத்தில் எப்போதும் ஒருவராவது நிற்கும்படி பார்த்துக்கொண்டால், இருவரும் சேர்ந்து நிற்கவேண்டியது 16 நிமிடந்தான். மிச்ச 24 நிமிடத்தில் ஒருவர் மட்டும் நின்று அணியை ஓட்டலாம். பந்துச் சண்டை அந்த 16 நிமிடத்துக்குரிய பிரச்சினை, ஆட்டம் முழுவதற்கும் உரியதல்ல. பயிற்றுவிப்பாளர்கள் பலர் ஒருவனைத் தெரிவதும் ஒருவனை இருத்துவதுமாக இதைச் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். பாடசாலை மட்டத்தில் அது இன்னும் பெரிய பிழை என்பது என் எண்ணம். பதினாறு வயதில் யார் இன்னும் நான்கு அங்குலம் வளரப்போகிறான் என்று யாருக்குத் தெரியும்?

அந்த 16 நிமிடத்துக்கு நீ என்ன கொண்டுவருகிறாய் என்று கேட்டேன். பந்து மற்றவன் கையில் இருக்கும்போது எங்கே நிற்கிறாய்? அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நிண்டு பார்த்துக்கொண்டிருப்பன் மாமா" என்றான். உண்மையைச் சொன்னானே என்று சந்தோசம்.

இரண்டு கிழமை காலையில் எழும்பிப்போய் மூலையில் நின்று, வாங்கிய கையோடு எறிந்து பழகினானாம். பிறகு பயிற்றுவிப்பாளரிடம் போய், எதிரணியின் பெரிய கார்டைத் தான் காப்பதாகவும், பந்தை மற்றவனே கொண்டுவரட்டும் என்றும் கேட்டிருக்கிறான். சென்ற சனிக்கிழமை கடைசி ஆறு நிமிடம் இருவரையும் சேர்த்து இறக்கினாராம்.

மறுநாள் காலை ஏழரைக்கு அழைத்தது அவனில்லை, அக்கா. "நாலே நாலு புள்ளிதானடா எடுத்தவன்" என்று குறைப்பட்டாள். பின்னாலிருந்து அவன் சத்தம்போட்டான்: "அம்மா, போனைத் தாங்கோ. நான் காத்த பெடியன் அந்த ஆறு நிமிசத்தில ஒண்டும் எடுக்கேல்ல எண்டு மாமாவுக்குச் சொல்லுங்கோ."